பெற்றோருக்கும் கதவைத் திறந்து வைத்தவர்: மரியா மாண்டிசோரி



சென்ற தவக்காலத்தில் நம் பங்கில் பெற்றோருக்கான கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தோம். மூன்று ஞாயிறு திருப்பலிகளில் அறிவித்தோம். அன்பியங்கள் வழியாகவும் சொல்லி அனுப்பினோம். பங்கு மண்டபத்தில் நூறு நாற்காலிகள் போடப்பட்டன. வந்தவர்களோ இருபதுக்குச் சற்று அதிகம். அவர்களிலும் பாதிக்கு மேல் பாட்டிமார்கள். வராதவர்கள் மேல் நமக்கு இருந்த கோபத்தை, வந்திருந்த அந்தச் சிலர் மீது காட்டினோம். பிள்ளைகள் மறைக்கல்விக்கு வருவதில்லை, எந்நேரமும் கையில் செல்போன், வீட்டில் குடும்பச் செபம் இல்லை என்று முக்கால் மணி நேரம் பேசித் தீர்த்தோம்.

முடிவில் ஒரு மூதாட்டி எழுந்தார். மகன் சவுதியில், மருமகள் திருப்பூர் பனியன் கம்பெனியில், மூன்று பேரப்பிள்ளைகள் தம்மிடம் என்றார். சாமி சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் இதைக் கேட்க வேண்டியவர்கள் இங்கே இல்லையே, நான் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். நமக்குப் பதில் வரவில்லை. இறுதிச் செபத்தைச் சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

அன்று இரவு, குருமட நாட்களில் படித்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவர் பெயரைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் அறியாதவர் குறைவு. ஆங்கில வழி மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அது பெரிய எழுத்தில் இருக்கும், கட்டணமும் அதற்கேற்பவே இருக்கும்! ஆனால் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் வேலையைத் தொடங்கியது கட்டணம் கட்டக்கூடியவர்களின் பிள்ளைகளுக்காக அல்ல. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக. அவர்களோடு சேர்த்து அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்தான்.

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் அங்கோனாவுக்கு அருகிலுள்ள கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை அரசு அலுவலர். பெண்கள் மருத்துவம் படிப்பதை வீட்டாரும் நாட்டாரும் விரும்பாத அந்தக் காலத்தில், 1896ல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மனநல மருத்துவப் பணியில் ஈடுபட்டார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் அந்நாட்களில் பெரியவர்களான மனநோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள்கூட இல்லாத வெற்று அறைகள். இவர்களுக்குத் தேவை மருந்து மட்டுமல்ல, கல்வியும்தான் என்று மரியா கண்டுகொண்டார். இத்தகைய பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1900ல் உரோமையில் தொடங்கப்பட்ட பள்ளியின் பொறுப்பு, அவரிடமும் உடன் பணியாற்றிய மருத்துவர் ஜுசெப்பே மொந்தேசானோவிடமும் ஒப்படைக்கப்பட்டது.

இந்த மொந்தேசானோவோடு ஏற்பட்ட அன்பில் மரியாவுக்கு 1898 மார்ச் 31ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. திருமணம் நடக்கவில்லை. பின்னர் அவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். திருமணமாகாத தாய் என்று தெரிந்தால் மருத்துவர் என்ற மதிப்பும் வேலையும் போய்விடும் காலம் அது. குழந்தை மரியோ, உரோமைக்கு வெளியே கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டான். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார், ஆனால் தாம் யார் என்று சொல்லவில்லை. சிறுவனுக்கு அவர் ஊரிலிருந்து வந்துபோகும் ஓர் அழகான அம்மா, அவ்வளவுதான்.

சில வாழ்க்கைக் குறிப்புகள் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றன. நாம் விடவில்லை. அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்பிடுவதற்காக அல்ல. கல்லெறிய முன்வந்தவர்களுக்கு ஆண்டவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியும். பிள்ளையை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயின் வயிற்றில் எரிவது என்னவென்று இந்த அம்மையார் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

1906ஆம் ஆண்டின் இறுதியில் அவரைத் தேடி ஓர் அழைப்பு வந்தது. அது கல்வித்துறையிலிருந்து வரவில்லை, ஒரு கட்டட நிறுவனத்திடமிருந்து வந்தது.

உரோமை நகரில் சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. ஏழைகளைக் காட்டி இவர்களே திருச்சபையின் செல்வங்கள் என்று சொன்ன திருத்தொண்டர் புனித லாரன்சின் பெயரைத் தாங்கிய பகுதி அது. 1880களில் அங்கே அவசர அவசரமாக மாடிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. பணநெருக்கடி வந்து வேலை பாதியில் நின்றது. கதவும் சன்னலும் தண்ணீர்க்குழாயும் இல்லாத அந்தக் கட்டடங்களில், நாட்டுப்புறங்களிலிருந்து வேலை தேடி உரோமைக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். ஓர் அறையில் பல குடும்பங்கள். காவல்துறையே தயங்கிச் செல்லும் இடம். அந்தக் கட்டடங்களை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் தலைவர் எதுவார்தோ தாலமோ. அவருக்கு ஒரு தொல்லை. பெற்றோர் இருவரும் விடியலில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் புதிதாக வெள்ளையடித்த சுவரில் கிறுக்கி, மாடிப்படிகளை உடைத்துத் திரிந்தார்கள். பழுதுபார்க்கும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் கூட்டிவைத்துப் பார்த்துக்கொள்வது மலிவு என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் மாண்டிசோரிக் கல்வி! கடவுள் எந்த வழியையும் பயன்படுத்துகிறார்.

1907 சனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. அன்று மார்சி தெரு 58ஆம் எண் கட்டடத்தில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். பெரும்பாலோர் அழுதுகொண்டும், மிரண்டுபோயும், யாரோடும் பேசாமலும் நின்றார்கள். ஆசிரியப் பட்டம் எதுவும் இல்லாத ஓர் இளம்பெண் பொறுப்பாக அமர்த்தப்பட்டார்.

சுவரில் ஒட்டப்பட்ட விதிகளைத்தான் பெற்றோர்கள் இன்றும் படிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் பெற்றோருக்குக் கடமை உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டி, சுத்தமான உடையில் குறித்த நேரத்தில் அனுப்ப வேண்டும். இல்லத்தின் பொறுப்பாளருக்கு மதிப்புத் தந்து, பிள்ளை வளர்ப்பில் அவரோடு ஒத்துழைக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாய் வந்து, பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதைச் சொல்லி, அவர் கூறும் யோசனையைக் கேட்டுச் செல்ல வேண்டும். தவறினால் பிள்ளை நீக்கப்படுவான்.

இந்தக் கடைசி விதி நமக்கு முழுவதும் உடன்பாடில்லை. தண்ணீர் இல்லாத வீட்டுப் பிள்ளை அழுக்காக வந்தால் தண்டனை பிள்ளைக்கா? ஆனால் இன்னொரு விதி அந்தக் கண்டிப்பை ஈடுகட்டியது. பொறுப்பாளர் அதே கட்டடத்தில், அதே குடும்பங்களுக்கு நடுவே குடியிருக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்து வரும் தாய், செருப்பைக்கூட மாற்றாமல் மாடிப்படியில் நின்று அவரிடம் பேசிவிட்டுப் போகலாம். பகலில் எந்த நேரத்திலும் பெற்றோர் உள்ளே வந்து தங்கள் பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்க்கலாம். கதவு திறந்தே இருந்தது. பெற்றோர் வரவில்லை என்று அந்த அம்மையார் குறைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் ஏறி இறங்கும் படிக்கட்டிலேயே பள்ளியை வைத்துவிட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சான் லொரென்சோவிலேயே இரண்டாவது இல்லமும் திறக்கப்பட்டது.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை மாண்டிசோரியே பின்னாளில் எழுதி வைத்தார். ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, மற்றவர் கவனம் திரும்பாதபடி எப்படித் துடைப்பது என்று மெதுவாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்து, முடிந்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். அவர் திகைத்துப் போனார். பிறகுதான் புரிந்தது. ஒழுகும் மூக்குக்காக அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் எல்லாரிடமும் திட்டு வாங்கியவர்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று, அவமானப்படுத்தாமல், ஒருவரும் அதுவரை சொல்லித்தந்ததில்லை.

நம் தவக்காலக் கூட்டத்தில் நாற்காலியில் இருந்த பாட்டிமார்கள் கைதட்டவில்லை. காரணம் இப்போது தெரிகிறது.

பிள்ளைகளிடம் மாற்றம் தெரியத் தெரிய வீடுகளும் மாறின. சுத்தமாகத் திரும்பி வரும் பிள்ளையைப் பார்த்துத் தாய் வீட்டைத் துடைத்தாள். சன்னல்களில் பூந்தொட்டிகள் வந்தன. எழுத்து வாசனையே அறியாத தாய்மார் சிலர் சேர்ந்து மாண்டிசோரியிடம் வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். இத்தனை சிறு வயதில் எழுத்து வேண்டாம் என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. தாய்மாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, விரலால் தடவிப் பார்க்கும் எழுத்துக்களைச் செய்து கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில், வெயில் காய்ந்த மொட்டைமாடியில், புகைபோக்கியை வரைந்துகொண்டிருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் திடீரென்று தரையில் சொற்களை எழுதத் தொடங்கினான். உலகம் வியந்து பேசிய அந்த நிகழ்ச்சியின் தொடக்கம் படிக்காத தாய்மாரின் வேண்டுகோள். பெற்றோர் கூட்டம் என்றால் நாம் சொல்ல அவர்கள் கேட்பது என்று நினைத்திருந்த நமக்கு இது புதிய பாடம். அங்கே அவர்கள் சொல்ல, கேட்டவர் மாண்டிசோரி.

1908 டிசம்பர் 28ல் மெசினா நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது அநாதைகளான குழந்தைகளை, உரோமையில் மரியின் பிரான்சிஸ்கன் மறைபணியாளர் சபைச் சகோதரிகள் தங்கள் மடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பேச்சும் பசியும் உறக்கமும் இழந்திருந்த அந்தப் பிள்ளைகளை மாண்டிசோரியின் வழியில் சகோதரிகள் மெல்ல மெல்லத் தேற்றினார்கள். இந்தச் சபை 1877ல் நம் உதகமண்டலத்தில் உருவானது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை.

அதன் பிறகு வந்த புகழைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1909ல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அமெரிக்கா வரை அழைத்தார்கள். ஸ்பெயினின் பார்சலோனாவில் குழந்தைகளுக்காக ஒரு சிற்றாலயம் அமைத்து, அவர்கள் உயரத்துக்கு ஏற்ற நாற்காலிகளும் தீர்த்தத் தொட்டியும் வைத்தார். அந்தப் பிள்ளைகள் தாங்களே கோதுமை விதைத்து, திராட்சை வளர்த்து, திருப்பலிக்கான அப்பத்துக்கும் இரசத்துக்கும் கொடுத்தார்கள். சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். இத்தாலியில் முசோலினியின் ஆதரவைச் சில ஆண்டுகள் அவர் ஏற்றுக்கொண்டது நமக்கு நெருடலான பகுதி. 1934ல் அந்த உறவு முறிந்து, அவருடைய பள்ளிகள் அங்கே மூடப்பட்டன. 1936ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரால் பார்சலோனாவையும் விட்டு ஓட நேர்ந்தது. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்காக வேலையைத் தொடங்கியவர், தாமே புலம்பெயர்ந்தவரானார்.

மகன் மரியோ என்ன ஆனான்? 1912 டிசம்பரில் மரியாவின் தாய் இறந்தார். அதன் பின்னர், ஏறத்தாழ பதினைந்து வயதில், மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து பிரியவில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் வெளியார் முன் அவன் உறவுக்காரப் பையன், அல்லது வளர்ப்பு மகன்.

1939ஆம் ஆண்டின் இறுதியில், அறுபத்தொன்பது வயதில், அம்மையார் மரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். பிரம்மஞான சபை என்றதும் நம் மக்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், அந்நாளிலும் சுளித்தார்கள். அவர் கத்தோலிக்கராகவே வாழ்ந்து, கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். 1970ல் அவருடைய பிறந்த நூற்றாண்டின்போது திருத்தந்தை ஆறாம் பவுல் அவர் பணியைப் பாராட்டிப் பேசினார். அடையாற்றில் தென்னை, பனை ஓலைக் கொட்டகைகளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் தரையில் அமர்ந்து பாடம் கேட்டார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசுக்கு இருவரும் எதிரி நாட்டினர் ஆனார்கள். மரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயை அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். மொழி தெரியாத ஊரில், தனியாக, எழுபதை எட்டும் மூதாட்டி. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருக்கு அவர் மகனைத் திருப்பித் தருவதாக அதில் சொல்லியிருந்தார்கள். மரியோ விடுவிக்கப்பட்டு வந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் வெளிப்படையாகச் சொல்ல முடியாதிருந்த சொல்லை, அவரைச் சிறைவைத்த அரசே எழுதி அனுப்பியது. அதுவும் நம் தமிழ்நாட்டில் நடந்தது.

போர் முடியும்வரை அவர்கள் ஐரோப்பா திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, உள்ளூர்ப் பிள்ளைகளும் போரால் அங்கு வந்து சேர்ந்த வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த ஒரு சிறு பள்ளியை நடத்தினார். இந்தியாவிலும் இலங்கையிலும் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். இங்கே ஆற்றிய உரைகளிலிருந்து உருவான அவருடைய நூல் ஒன்று 1949ல் அடையாற்றிலேயே அச்சாயிற்று. குழந்தை பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அதன் மையம். தாய் போகும் இடமெல்லாம் கூடவே எடுத்துச் செல்லப்படும் குழந்தை, அவள் பேசுவதை எல்லாம் கேட்டு வளர்கிறது என்று அதில் மதிப்போடு சுட்டிக்காட்டினார். இடுப்பில் பிள்ளையோடு களையெடுக்கவும் சந்தைக்கும் போகும் நம் பெண்களுக்கு, நீ ஒன்றும் தெரியாதவள் என்று சொல்வதற்கு முன் ஒரு படித்த மருத்துவர் இதை எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

1946ல் ஐரோப்பா திரும்பி, 1947ல் மீண்டும் இந்தியா வந்து, 1949ல் விடைபெற்றார். 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டின் நோர்ட்வைக் என்னும் கடலோர ஊரில் மரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது பேச்சு. வயது எண்பத்தொன்று! மகன் உடல்நிலையைச் சொல்லித் தயங்கினார். சற்று நேரத்தில் அம்மையார் இறந்துபோனார். உயிலில் மரியோவைத் தம் மகன் என்றே எழுதியிருந்தார்.

இறைமக்களே, நம் அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்ட் ஆலைகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் அருகே, தகரக் கூரைகளின் கீழ் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்து பிறப்பு இரவில் மட்டும் ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்பார்கள். தவக்காலக் கூட்டத்துக்கு அவர்களை நாம் அழைக்கவேயில்லை, அந்த நினைவே வரவில்லை. ஏலாக்குறிச்சிக்கு நடந்து போகும் நாம் அந்த ஊரின் பழைய கதையை மறந்துவிடுகிறோம். தஞ்சைச் சீமையில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் கொள்ளிடத்தைக் கடந்து வந்து ஒதுங்கிய இடம் அது. வீரமாமுனிவர் அங்கே அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர் சூட்டியதும், ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்ததும் அதனால்தான் பொருள் பெறுகின்றன.

சென்ற மாதம் அந்தத் தகரக் குடியிருப்புக்கு மறைக்கல்வி ஆசிரியைகள் இருவரோடு போனோம். ஏதும் பேசவில்லை, பேச மொழியும் இல்லை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாய்க்கும் நமக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தாள். அங்கன்வாடியில் கற்ற தமிழ். மாலை ஏழு மணிக்கு மேல்தான் ஆண்கள் திரும்புவார்கள், ஞாயிறு காலையில் துணி துவைக்க வேண்டும், ஆகவே அந்த நேரம் வேண்டாம் என்று அவள் வழியாகத் தாய்மார் சொன்னார்கள்.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டம் பங்கு மண்டபத்தில் இல்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு அந்தக் குடியிருப்பின் வேப்பமரத்தடியில். திருப்பூரிலும் சவுதியிலும் இருப்பவர்களுக்காக, அன்றே அங்கிருந்து போனில் கூப்பிட்டுப் பேச இளைஞர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். பாட்டிமார்களை அழைத்துவர ஆட்டோ வரும். பாய் நாம் கொண்டு வருவோம். இம்முறை சாமியின் உரை கிடையாது.